கோல்ஃபில் பார், பேர்டி, போகி என்கிறார்களே, அதெல்லாம் என்ன? ஸ்கோர் ஏன் மைனஸில் ஓடுகிறது?

2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் அதிதி அசோக் கோல்ஃப் ஆடியபோது இதே கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்டார்கள். அதுவரை கோல்ஃப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அன்று காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். திரையில் பார்த்தால் மைனஸ் 15. அது நல்லதா கெட்டதா என்பதே பலருக்குப் புரியவில்லை.

பார் என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

முழு மைதானத்தில் 18 ஹோல் இருக்கும். ஹோல் என்றால் குழி மட்டுமல்ல. முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து குழி இருக்கும் கிரீன் வரை உள்ள மொத்தப் பகுதிக்கும் அதுதான் பெயர். இடையில் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருப்பது ஃபேர்வே, ஓரத்தில் வளரவிட்டிருப்பது ரஃப், மணல் பள்ளம் பங்கர். கை தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு ஹோலை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும் எண்ணிக்கைதான் பார். கிரீனுக்கு வந்தபிறகு உருட்டிக் குழியில் போட இரண்டு அடி என்று கணக்கு. இதற்குப் பட்டிங் என்று பெயர். ஆக, ஒரே அடியில் கிரீனைத் தொடக்கூடிய குட்டி ஹோல் பார் 3. இரண்டு அடி தேவைப்பட்டால் பார் 4, மூன்று என்றால் பார் 5. பதினெட்டையும் கூட்டினால் பெரும்பாலும் 70, 71, 72 என்று வரும்.

பாரைவிட ஒரு அடி குறைவாக முடித்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் அல்பட்ராஸ். ஒரு அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி, அப்புறம் டிரிபிள். கிரிக்கெட்டில் எண் ஏற ஏறக் கொண்டாட்டம், இங்கே அப்படியே தலைகீழ்.

இப்போது அதிதியின் கணக்கைப் பாருங்கள். டோக்கியோவில் ஆடிய கசுமிகசெகி மைதானம் பார் 71. நான்கு நாள், நான்கு சுற்று, மொத்தம் 284. அவர் அடித்தது 269. அதுதான் மைனஸ் 15. தங்கம் வென்ற நெல்லி கோர்டா மைனஸ் 17. லிடியா கோவும் மோனே இனாமியும் மைனஸ் 16இல் சமமாக நின்றதால் வெள்ளிக்குத் தனியாக பிளேஆஃப் ஆடினார்கள், இனாமி ஜெயித்தார். கடைசி ஹோலில் அதிதி உருட்டிய பந்து குழியில் விழுந்திருந்தால் பேர்டி, அவரும் அந்த பிளேஆஃபில் இருந்திருப்பார். விழவில்லை. ஒரே அடியில் பதக்கம் போய், நான்காம் இடம். அவர் அடிக்கும் பந்து மற்றவர்கள் அளவுக்குத் தூரம் போகாது. பட்டிங்கை வைத்தே அவ்வளவு தூரம் வந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அல்பட்ராஸ் ரொம்ப அபூர்வம். 1935இல் அமெரிக்காவின் அகஸ்டாவில், இப்போது மாஸ்டர்ஸ் என்று அழைக்கும் போட்டியில் ஜீன் சரசன், 15ஆவது ஹோலில், அது பார் 5, இரண்டாவது அடியையே நேராகக் குழிக்குள் போட்டார். மூன்று அடி பின்தங்கியிருந்தவர் அந்த ஒரே அடியில் சமன் செய்து, மறுநாள் பிளேஆஃபில் பட்டத்தையும் தூக்கினார்.

இதற்கு நேரெதிர் 1999இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில், பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் நடந்தது. பிரான்ஸின் ஜான் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு வரும்போது மூன்று அடி முன்னிலை. பார் 4 ஹோல், டபுள் போகி போட்டாலும் கோப்பை அவருக்கு. இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி ரஃபில் விழுந்தது. மூன்றாவது நேராக ஓடைக்குள். மனுஷன் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, அங்கிருந்தே அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு அடி அபராதம் வாங்கி வெளியிலிருந்து அடித்தார், அது பங்கருக்குப் போனது. மொத்தம் 7, டிரிபிள் போகி. பிளேஆஃபில் பால் லாரி ஜெயித்தார்.

ஹேண்டிகேப் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு, ஆட்டத் திறமையைப் பொறுத்து ஸ்கோரில் கழித்துக்கொள்ளத் தரும் சலுகை அடிகள். உங்கள் ஹேண்டிகேப் 18 என்றால், பார் 72 மைதானத்தில் 90 அடித்தாலும் 18ஐக் கழித்து 72 என்று எடுத்துக்கொள்வார்கள் (உண்மைக் கணக்கு மைதானத்தின் கடினத்தையும் பார்க்கும், அது இப்போது வேண்டாம்). கோல்ஃபில் எனக்குப் பிடித்த ஏற்பாடே இதுதான். கற்றுக்குட்டியும் கெட்டிக்காரரும் ஒரே பந்தயத்தில் நிஜமாகவே மோதலாம். ஹேண்டிகேப் எண் சின்னதாக இருந்தால் ஆள் பெரிய ஆட்டக்காரர் என்று அர்த்தம்.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணிகளாக மோதும் ரைடர் கோப்பை பார்த்தால் இந்த மைனஸ் எதுவும் இருக்காது, குழம்ப வேண்டாம். அது மேட்ச் பிளே. ஒவ்வொரு ஹோலையும் யார் ஜெயித்தார் என்று மட்டும்தான் எண்ணுவார்கள். 3 அண்ட் 2 என்றால், இரண்டு ஹோல் மிச்சம் இருக்கும்போதே மூன்று ஹோல் முன்னிலை, ஆட்டம் முடிந்தது.

மல்லிகன் என்பது நண்பர்களுக்குள் கொடுக்கும் இரண்டாவது வாய்ப்பு, விதிப் புத்தகத்தில் கிடையாது. ஸ்லைஸ் என்றால் வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கமாக வளைந்து போவது, ஹுக் இடப்பக்கமாக. இரண்டில் எது ஆள் நிற்கும் பக்கம் போனாலும், அடித்தவர் "ஃபோர்" என்று கத்துவார். மைதானத்துக்கு நேரில் போனீர்களென்றால், அந்தச் சத்தம் கேட்டதும் பந்து எங்கே என்று அண்ணாந்து பார்க்காதீர்கள். குனிந்து தலையைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.