ஏசி உள்ள தண்ணி கொப்பளிக்கிற மாதிரி சத்தம் வருது, கேஸ் கம்மியாயிடுச்சா?

ஸ்ப்ளிட் ஏசி, வாங்கி ரெண்டு வருசம், கூலிங் நல்லா இருக்கு, ஆனா சாயங்காலமானா இண்டோர் யூனிட்ல களக் களக்னு தண்ணி சத்தம் வருது, மெக்கானிக் கேஸ் போடணும்ங்கிறார், போடலாமான்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் பொறுங்க, இப்பவே காசு குடுத்துடாதீங்க.

எங்க வீட்டுலயும் அச்சு அசல் இதே கதைதான். வேளச்சேரியில மூணாவது மாடி, ஹாலும் கிச்சனும் நடுவுல சுவர் இல்லாம ஒண்ணா இருக்கும், ஹால்ல 1.5 டன் ஏசி. வந்த மெக்கானிக் கேஸ் அழுத்தத்தை அளக்கிற கேஜை மாட்டிப் பாக்குறதுக்கு முன்னாடியே சத்தத்தை மட்டும் கேட்டுட்டு கேஸ் கம்மின்னு சொல்லி 2,500 ரூபா வாங்கிட்டு ஏத்திட்டுப் போனார். அன்னைக்கு ராத்திரியே திரும்பவும் களக் களக். எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்புறம் எந்த நேரத்துல வருதுன்னு நானே உக்காந்து கவனிக்க ஆரம்பிச்சேன், நாலாவது நாள்தான் பிடிபட்டுது, அம்மா தோசைக்கல்லை அடுப்புல வச்சு சிம்னியைப் போட்டதும் சத்தம் ஆரம்பிக்குது, சிம்னியை நிறுத்தினா கொஞ்ச நேரத்துல நின்னுடுது. பால்கனி கதவை ரெண்டு விரல் அளவு திறந்து விட்டேன், டக்னு அடங்கிடுச்சு, அம்மா தோசைக்கரண்டியோட வந்து "என்னடா பண்ண, நின்னுடுச்சே"ன்னாங்க.

விஷயம் இதுதான். ஏசி போட்டா ஜன்னல் கதவெல்லாம் சாத்திடுவோம், கொசு வேற. சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ உள்ள இருக்கிற காத்தை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அதுக்கு ஈடா காத்து எங்கயிருந்தாவது உள்ள வந்தாகணும் இல்லையா, வேற வழி இல்லன்னா ஏசி தண்ணி வெளிய போற ட்ரெயின் பைப் வழியா ஏறி வரும். அந்தப் பைப்ல எங்கயாவது தொய்வு இருந்து தண்ணி தேங்கியிருந்தா, காத்து அதைக் குமிழ் குமிழா முட்டிக்கிட்டு வருது பாருங்க, அந்தச் சத்தம்தான் நமக்கு ஏசிக்குள்ள உலை கொதிக்கிற மாதிரி கேக்குது. ஜப்பான்ல இது ரொம்ப சகஜம், 'பொக்கோ பொக்கோ' சத்தம்னே சொல்லுவாங்க, பைப் நுனியில மாட்டுறதுக்கு காத்தை மட்டும் தடுக்கிற சின்ன வால்வு கூட விக்கிறாங்க. நான் வால்வெல்லாம் போடல, வெளிச்சுவர்ல தொங்கிட்டிருந்த பைப்பை இழுத்து நேராக்கி கிளாம்ப் அடிச்சேன், சமைக்கும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

அக்கா வீட்டுல வேற மாதிரி. செடிக்கு ஊத்தலாம்னு ஏசி தண்ணியை பக்கெட்ல பிடிப்பாங்க, நல்ல பழக்கம்தான், நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒரே ராத்திரியில ஒரு பக்கெட் சேர்ந்துடும். ஆனா பைப் நுனி பக்கெட் தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்துது, நடுவுல காத்து மாட்டிக்கிட்டு மேல இருந்து தண்ணி இறங்காம, முதல்ல சத்தம், அப்புறம் யூனிட்டுக்குள்ள தண்ணி விழுற டிரே ரொம்பி இண்டோர் யூனிட்டுக்குக் கீழ சுவரெல்லாம் ஒழுகி பெயிண்ட் உப்பிடுச்சு. நுனி எப்பவும் தண்ணிக்கு மேலயே நிக்கணும்.

பைப்ல பாசியும் தூசியும் அடைச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஏசி அரை மணி நேரம் ஓடினப்புறம் வெளிய போய் பைப் நுனியைப் பாருங்க, புழுக்கமான நாள்ல சொட்டு சொட்டா விழுந்துட்டே இருக்கணும், விழலன்னா அடைப்புன்னு வச்சுக்கலாம், வாட்டர் சர்வீஸ் பண்ணி பைப்பை ஊதி விடச் சொன்னா சரியாயிடும்.

கேஸ் உண்மையிலேயே கம்மியா இருந்தா வெறும் சத்தத்தோட நிக்காது. ரூம் குளிராது, கூலிங் காயில்ல ஒரு பக்கம் மட்டும் ஐஸ் பிடிக்கும், இல்லன்னா அவுட்டோர் யூனிட்ல சின்ன பைப் சேர்ற இடத்துல வெள்ளையா பனி படியும் (ஃபில்டர் அழுக்கா இருந்தாலும் காயில்ல ஐஸ் பிடிக்கும், அதனால முதல்ல ஃபில்டரைக் கழுவுங்க). ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் கிடையாது, குறைஞ்சிருக்குன்னா எங்கயோ லீக் இருக்கு, அந்த லீக்கைக் கண்டுபிடிச்சு அடைக்காம கேஸ் மட்டும் ஏத்தினா அந்தக் காசு காத்தோட போற காசு. லீக் எங்கன்னு காட்டுங்கன்னு கேளுங்க, தைரியமா கேளுங்க.

கம்ப்ரசர் நின்னதும் ஒரு நிமிசம் உள்ள சலசலன்னு ஓடுற சத்தம், அது கேஸ் சமமாகுற சத்தம், விட்டுடுங்க. விண்டோ ஏசின்னா பின்பக்கம் சளக் சளக்னு தண்ணி அடிக்கும், ஃபேன்ல இருக்கிற வளையம் கீழ தேங்கின தண்ணியை எடுத்து சூடான காயில் மேல வீசுறதுக்காக கம்பெனியே அப்படித்தான் நிறைய மாடல்ல செஞ்சிருக்கு, அதுக்குப் பயந்து அடியில ஓட்டை போட்டுடாதீங்க.

நீங்க சாயங்காலம்னு எழுதியிருக்கிறதாலதான் எனக்கு சிம்னி மேல சந்தேகம். இன்னைக்கு சத்தம் வரும்போது ஒரு ஜன்னலைத் திறந்து பாத்துட்டு என்னாச்சுன்னு சொல்லுங்க.