போர்க்காலக் கார்த்தேஜ் தங்க நாணயம் வாங்க விரும்புகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

பளபளக்கும் மஞ்சளைத் தேடாதீர்கள், வெளிறியதைத் தேடுங்கள். போர்க்காலம் தெரிவது அதில்தான்.

இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரம் கி.மு. 350 வாக்கில் அடித்த ஸ்டேட்டர் என்ற பொற்காசு ஏறக்குறைய 9.4 கிராம், நல்ல மாற்றுத் தங்கம். சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரை ஆண்ட அகத்தாக்ளிஸ் கி.மு. 310இல் ஆப்பிரிக்கக் கரையில் படையோடு இறங்கிய காலத்தை ஒட்டி எடை 7.5 கிராமுக்கு விழுந்தது, வெள்ளியும் கலந்தது. இந்தக் கலப்புக்கு எலெக்ட்ரம் என்று பெயர். ஆனால் படம் மாறவில்லை: முன்பக்கம் தானியக் கதிர் சூடிய தானித் என்ற பெண் தெய்வத்தின் தலை, பின்பக்கம் நிற்கும் குதிரை. கார்த்தேஜுக்காகப் போரிடும் கூலிப்படைக்காரன் கையில் பழகிய காசாகவே தெரிய வேண்டும் அல்லவா!

கி.மு. 241இல் ரோமிடம் தோற்றபின் சம்பளப் பாக்கி கேட்ட அந்தப் படையினருக்கு ஆளுக்கொரு பொற்காசு கொடுத்துச் சிக்கா என்ற ஊருக்கு அனுப்பிவைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். மிச்சத்தைப் பேரம் பேசிக் குறைக்கப் பார்த்தார்கள்; கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் கார்த்தேஜின் காசுகள் மீதே தங்கள் அச்சை அடித்து, கிரேக்க எழுத்தில் 'லிபியர்களுடையது' என்று பொறித்தார்கள்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு எலெக்ட்ரம் ஸ்டேட்டர். தானித்தின் கன்னம் தேய்ந்துவிட்டது, காதணி மட்டும் இன்னும் துல்லியம். குதிரையின் குளம்புக்குக் கீழே தரைக்கோடு நகத்தில் தட்டுப்படும்.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிப் பாருங்கள். வார்ப்புக் கோடு தெரிந்தால் போலி. நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடைபோட்டால் அடர்த்தி கிடைக்கும்: தங்கம் 19.3, வெள்ளி 10.5, எலெக்ட்ரம் இடையில். உரைகல்லில் மட்டும் உரசிவிடாதீர்கள், காசு கெட்டுவிடும்.

ரோமோடு போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் பெயரைச் சொல்லி 'ஹன்னிபால் காலத்துத் தங்கம்' என்று விற்பவரிடம் ஆண்டைக் கேளுங்கள். பெரும்பாலும் அவை ஹன்னிபால் பிறப்பதற்கு முந்தையவை. அவர் போரிட்ட காலத்தில் தெற்கு இத்தாலியில் அடித்த, இரட்டைப் பெண் முகம் கொண்ட சிறிய எலெக்ட்ரம் காசு உண்டு. அது கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய ஏலப் பதிவு இல்லாத காசைத் தொடவே வேண்டாம். துனிசிய மண்ணிலிருந்து தோண்டிக் கடத்தியதாக இருந்தால் காசும் போகும், வழக்கும் வரும். கையிருப்பு போதாதென்றால் அதே தானித் தலையும் குதிரைத் தலையும் கொண்ட செம்புக் காசுகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.