ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள்: அம்மாவுக்கு மறதி நோய் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. பல வருடங்களாக பிபி இருக்கிறது. தலைச்சுற்றலுக்காக எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில், மூளையின் சிறு ரத்தக்குழாய்களில் பாதிப்பு, ‘ஃபசேகாஸ் கிரேடு 1’ என்று வந்திருக்கிறது. இது மறதி நோயின் ஆரம்பமா? ஞாபக சக்தி மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: பயப்படும்படி எதுவும் இல்லை. அதற்காக ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடவும் வேண்டாம்.

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்கே போகிறது. மூளையின் ஆழத்தில் இருக்கும் வெண்பகுதிக்கு மிக மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் ரத்தம் போய்ச் சேரும். அது கடைமடை வயல் மாதிரி. வரும் வழி அடைத்தால் பக்கத்திலிருந்து பாய வாய்ப்பு குறைவு. பிபி வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி சுருங்குகிறது. அதன் விளைவுதான் ஸ்கேனில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள்.

ஃபசேகாஸ் என்பது இந்தப் புள்ளிகள் எவ்வளவு என்று சொல்லும் அளவுகோல். அதில் கிரேடு 1 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். அறுபதைத் தாண்டியவர்களிடம் இது சகஜம். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத்திட்டாகப் படர்ந்தால் கிரேடு 3. பக்கவாதம், மறதி நோய் இரண்டுக்கும் அபாயம் அதிகமாக இருப்பது அங்கேதான்.

அம்மா பெயர்களை மறக்கிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். ரத்தக்குழாய் பாதிப்பில் யோசனையின் வேகம்தான் பெரும்பாலும் முதலில் குறையும். வழக்கமான சாம்பாரை வைக்கும்போதே அடுத்து என்ன செய்வது என்று தடுமாறுவது, காலைத் தேய்த்து நடப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தால், உடனே 108.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை பிபிதான். 2019-இல் வெளிவந்த ‘ஸ்பிரிண்ட் மைண்ட்’ என்ற அமெரிக்க ஆய்வில் 50 வயதைக் கடந்த 9,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர சிகிச்சை பெற்றவர்களுக்கு, 140-க்குக் கீழே என்று இலக்கு வைத்தவர்களைவிட, லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. முழுமையான மறதி நோயில் அந்த அளவு உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை நோயாளிகள் இதில் சேர்க்கப்படவில்லை. 120 எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. எழுந்து நிற்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றினால், நின்ற நிலையிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள்.

“பிபி நார்மல் ஆயிடுச்சு டாக்டர், மாத்திரையை நிறுத்திட்டேன்.” என்னிடம் வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது. நார்மல் ஆனதே மாத்திரையால்தானே! சர்க்கரை, கெட்ட கொழுப்பு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, ஊறுகாய் உப்பு எல்லாமே இதே குழாய்களைத்தான் பதம் பார்க்கின்றன.

ஞாபக சக்தி மாத்திரை வேண்டாம். விளம்பரங்களில் வரும் ஜின்க்கோ என்ற மூலிகை மருந்தை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்து, மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தில் பி12, தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். பக்கவாதமோ இதய நோயோ இல்லாதவருக்கு ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்த பிபி அளவுகளை எழுதி எடுத்துப் போங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, பேசாமல், கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டைகளையும் அப்படியே கொண்டு போங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் எங்களுக்குப் புரிந்துவிடும்.