இரவில் சைக்கிள் ஓட்டும்போது வளைவில் வழி தெரியவில்லை, அரை மணி நேரத்தில் விளக்கின் ஒளி மங்குகிறது

இன்னும் பெரிய ஒற்றை விளக்கைத் தேடாமல், ஹேண்டில்பாரில் அகலமாகப் பரவும் 800 லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவிலான விளக்கு ஒன்றும், ஹெல்மெட்டில் குவிந்து பாயும் எடை குறைந்த விளக்கு ஒன்றுமாக வாங்குங்கள். ஹேண்டில்பார் விளக்கு முன்சக்கரம் திரும்பிய பக்கத்தை மட்டுமே காட்டுவதால், நீங்கள் எதிர்நோக்கும் வளைவின் மறுமுனை இருளிலேயே கிடக்கிறது.

ஒளி மங்குவதற்குப் பெரும்பாலும் சூடோ, மிகைப்படுத்தி அச்சிட்ட பேட்டரி அளவோ காரணமாக இருக்கும். மின்விசிறிக் காற்றில் விளக்கை முழு ஒளியில் எரியவிட்டுப் பாருங்கள். அப்போதும் மங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இத்தகைய பேட்டரிகளுக்குள் இருக்கும் 18650 வகை உருளை லித்தியம் செல் ஒன்று 3500 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவது அரிது என்பதால், இரண்டே செல் கொண்ட பேட்டரியில் 12000 என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

மூடுபனியிலும் புழுதியிலும் ஹெல்மெட் விளக்கின் ஒளி கண்ணிலேயே திருப்பி அடிக்கும். அங்கே அதை அணைத்துவிடுவது நல்லது.