சேலத்திலிருந்து கோவை ஐமேக்ஸுக்குப் போகலாமா?

அப்பா, அம்மா, ஐந்து வயதுப் பையன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு சேலத்திலிருந்து கோவை பிராட்வே ஐமேக்ஸ் தியேட்டருக்குப் போவது செலவுக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது படத்தைப் பொறுத்தது.

நம் பெரிய படங்களில் பாதிக்கு மேல் ஸ்கோப் அளவில், அதாவது அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்காக (2.39:1) வருபவை. டிஜிட்டல் ஐமேக்ஸ் திரையோ 1.90:1. ஸ்கோப் படத்தை அதில் ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை நிற்கும். திரை பெரிது, சத்தம் துல்லியம், அவ்வளவுதான். ஐமேக்ஸுக்கென்றே எடுத்த காட்சி வந்தால் பட்டை மறைந்து 26% வரை கூடுதல் படம் தெரியும். அந்த இடத்தில்தான் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும். போஸ்டரில் ‘ஃபிலிம்டு ஃபார் ஐமேக்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் ‘ஐமேக்ஸில் பாருங்கள்’ என்பது விளம்பரம்.

முன் மூன்று வரிசை மட்டும்தான் காலியென்றால் விட்டுவிடுங்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். பின்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, நடு இருக்கை கிடைத்தால் நல்லது.

அப்புறம் பையன். ஐமேக்ஸ் சத்தம் நெஞ்சில் இடிக்கும். அரை மணி நேரத்தில் அவன் அழுதால் நீங்கள் வெளியே பாப்கார்ன் கடைப் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், குடும்பத்தோடு சேலத்திலேயே நல்ல தியேட்டரில் பாருங்கள். படம் நிஜமாகவே ஐமேக்ஸில் எடுத்ததாக இருந்தால், ஒரு நண்பரோடு காலைக் காட்சிக்குக் கோவை போய் வாருங்கள்.