சுயாதீனப் படங்கள் வெகுஜனப் படங்களைவிட உண்மையிலேயே சிறந்தவையா?

பெரிய நிறுவனங்களின் பிடிக்கு வெளியே, குறைந்த செலவில் எடுக்கப்படுபவை சுயாதீனப் படங்கள். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை உயர்த்துவதற்காக மற்றொன்றைத் தாழ்த்த மனம் வருவதில்லை. நேரத்தை அவை கையாளும் விதம்தான் வேறு.

பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருதைப் பெற்றது. தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவர, குடிகாரக் கணவன் மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். கதை அவ்வளவுதான். கொளுத்தும் வெயிலில் நடக்கும் சிறுவன், தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் கற்களோடு வைக்கிறான். இந்த நடை அவனுக்குப் புதிதல்ல என்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்த இடத்தில் வசனமே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வெகுஜனப் படத்திலும் இப்படி இடங்கள் உண்டு. 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யில் கார்த்தி பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடும் காட்சி, பத்தாண்டுச் சிறைவாசத்தை வசனமின்றிச் சொல்லிவிடுகிறது. ஆனால் அங்கே நாயகன் வெல்வான் என்ற உறுதி நமக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. கூட்டத்தோடு கைதட்டும் சந்தோஷமும் அதிலிருந்துதான் வருகிறது.

என் ஆதங்கம் திரையரங்குகள் பற்றியது. சிறிய படத்துக்குப் பகல் காட்சி ஒன்றைக் கொடுத்து, கூட்டமில்லை என்று மூன்றாம் நாளே தூக்கிவிட்டால் யார்தான் பார்ப்பார்கள்?

சுயாதீனப் படங்களைப் புதிதாகப் பார்த்துப் பழக விரும்புகிறவர்கள் மணிகண்டனின் 'காக்கா முட்டை'யில் தொடங்கலாம். இரண்டு ரசனைக்கும் அதில் இடமிருக்கிறது.