12 கிரெடிட் போதுமா? அமெரிக்கக் கல்லூரிக் கணக்கு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். வாரத்துக்கு 15 மணி நேரம்தானே? கேம்பஸில் வேலையும் பார்க்கலாமா?

பதில்: கிரெடிட் என்பது பாடத்தின் அளவை எண்ணும் அலகு. 15 மணி என்பது வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும். அமெரிக்க மத்திய அரசின் வரையறைப்படி, ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பும் குறைந்தது இரண்டு மணி சொந்தப் படிப்பும் உண்டு. செமஸ்டர் என்றால் சுமார் 15 வாரம். ஆக, 15 கிரெடிட்டுக்கு வாரம் 45 மணி. எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்கு அனுமதிக்கப்பட்ட 20 மணி வேலையையும் சேர்த்தால் 65. முதல் செமஸ்டரில் 10 மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆய்வகப் பாடம் இருந்தால் இன்னும் கவனம் தேவை: இரண்டு, மூன்று மணி நேரம் நின்று வேலை செய்தாலும் பல கல்லூரிகளில் 1 கிரெடிட்தான்.

கேள்வி: மகன் செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுக்கிறான். கல்லூரி ‘ஃபுல் டைம்’ என்கிறது. நான்கு வருடத்தில் பட்டம் வந்துவிடுமா?

பதில்: வராது. 12 என்பது இளநிலை மாணவரை முழுநேரம் என்று எண்ணுவதற்கான குறைந்தபட்சம். பட்டத்துக்கு வேண்டியது பொதுவாக 120. எட்டு செமஸ்டர், தலா 12 என்றால் 96தான். மீதி 24-க்கு இன்னொரு வருடம் ஆகும், அதற்குக் கட்டணமும் வாடகையும் வேறு. பல கல்லூரிகள் 12 முதல் 18 வரை ஒரே கட்டணம்தான் வாங்குகின்றன. அப்படியென்றால் 15 எடுக்காமல் விடுவது பண நஷ்டம். கட்டண அட்டவணையைப் பாருங்கள்.

கேள்வி: எஃப்-1 விசாவில் இருக்கிறேன். சரியாக 12 கிரெடிட். ஒரு பாடத்தில் தேறமாட்டேன் போலிருக்கிறது. அதை டிராப் செய்யலாமா, அதாவது பாதியில் விட்டுவிடலாமா?

பதில்: டிராப் பொத்தானை அழுத்துவதற்கு முன் டிஎஸ்ஓவை (வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) பாருங்கள். இந்த வரிசை மாறினால்தான் சிக்கல். அவரது அனுமதி செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான மத்திய அரசின் பதிவேடு) பதிவாவதற்கு முன்பே 12-க்குக் கீழே இறங்கினால் ஸ்டேட்டஸ் மீறல், அதாவது விசா நிபந்தனையை மீறியதாகும். பிறகு போய் விளக்கம் சொன்னாலும் முன்தேதியிட்டு அனுமதி தர டிஎஸ்ஓவால் முடியாது.

அனுமதிக்கான காரணங்கள் குறைவு. தொடக்க கால ஆங்கிலச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தகுதிக்குப் பொருந்தாத லெவலில் பாடம் எடுத்தது போன்றவை செல்லும். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும். ஒரு பட்டப்படிப்புக்கு ஒரே தடவைதான். உடல்நலக் காரணத்துக்கு மருத்துவர் கடிதம் வேண்டும், மொத்தம் 12 மாதம் வரை. கடைசி செமஸ்டரில் மிச்சமுள்ள பாடத்தை மட்டும் எடுக்கலாம். அதற்கும் முன் அனுமதி வேண்டும். ‘ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) குறைந்துவிடும்’ என்பது காரணமே அல்ல.

அதற்குப் பதிலாக ஆன்லைன் பாடம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதிகபட்சம் 3 கிரெடிட்தான் அந்த 12-இல் சேரும். ஆடிட் செய்யும் பாடம் (கிரெடிட் பெறாமல் வகுப்பில் உட்கார்ந்து கேட்பது) சேரவே சேராது.

கேள்வி: பாடப் பெயரோடு வரும் 101, 305, 520 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

பதில்: பெரும்பாலான இடங்களில் 100, 200 வரிசை முதலிரண்டு வருடங்களுக்கு, 300, 400 மேல்நிலை, 500-க்கு மேல் முதுநிலை. ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1 முதல் 99 வரை கீழ்நிலை, 100 முதல் 199 வரை மேல்நிலை. அதன் பெர்க்லி வளாகத்தின் 101-ஐ அறிமுகப் பாடம் என்று நம்பிச் சேர்ந்தால் திண்டாட்டம்தான். எண்ணைவிட, அதன் கீழே எழுதியிருக்கும் முன்தேவைப் பாடங்களைப் படியுங்கள். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) எடுத்த பாடம் பொதுவாகக் கீழ்நிலையாகவே மாற்றலாகும். மேல்நிலைக் கிரெடிட் இத்தனை வேண்டும் என்ற நிபந்தனையை அது தீர்க்காது.

கேள்வி: குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்) கல்லூரியிலிருந்து செமஸ்டர் கல்லூரிக்கு மாறுகிறேன். 45 கிரெடிட் அப்படியே வருமா?

பதில்: மூன்றில் இரண்டு பங்கு: 30. இழப்பு இல்லை, குவார்ட்டர் கல்லூரியில் 120-க்குப் பதில் பட்டத்துக்கே 180 வேண்டும். இடிப்பது தனிப்பாடத்தில்தான். 5 குவார்ட்டர் கிரெடிட் கால்குலஸ் 3.33 ஆகும், புதிய கல்லூரி 4 கேட்டால் 0.67 துண்டு விழும். அதை ஈடுகட்டும் வழியைச் சேர்வதற்கு முன்பே துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். 12-லிருந்து 9-க்கு இறங்கினால் பெல் உதவித்தொகை (மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) என்ன ஆகும்?

பதில்: 2024-25 முதல் கிரெடிட் விகிதப்படி கணக்கு: 12-க்குக் கிடைக்கும் தொகையில் 9-க்கு 75%, 7-க்கு 58%. மத்திய அரசுக் கடனும் இருந்தால் 6-க்குக் கீழே போக விடாதீர்கள். பாதிநேர மாணவர் என்ற தகுதி போனால், கடனைத் திருப்பிக் கட்டுவதற்கு முன் தரப்படும் ஆறு மாத அவகாசக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.